காற்றுப் படாத சோறு

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். யார் சொன்னார்களோ, அவர்கள் அந்த வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். அங்கே சின்ன மருமகள் சொன்ன ஒரே ஒரு பொய்யில்தான் நாலு வருஷமாக வீட்டுக்கே சாப்பாடு வெந்துகொண்டிருந்தது.

சின்னவள், பெரியவள் என்றுதான் மாமனார் தன் இரண்டு மருமகள்களையும் கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பெரியவளின் கணவன் கடல் தாண்டி வேலைக்குப் போனவன். வருஷத்துக்கு ஒரு முறை வருவான், சூட்கேஸ் காலியானதும் கிளம்பிவிடுவான். சின்னவளின் கணவன் லாரி ஓட்டுகிறவன். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகிறது. மாமனார் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஸ்பேனர் இல்லையே தவிர, வீட்டில் எது ஓடினாலும் எது நின்றாலும் அவர் காது அங்கேதான் இருக்கும்.

சாயங்காலம் சின்னவள் சமையலறைக் கதவைச் சாத்தினால் போதும், வீடு அடங்கிவிடும். மின்விசிறி நிற்கும். ஜன்னல்கள் மூடும். காலிங் பெல்லின் வயரை மாமனாரே கழற்றி விடுவார். கழற்றிவிட்டு ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தார் என்றால், வியர்வை முதுகில் ஓடினாலும் துடைத்துக்கொள்ள மாட்டார். வீட்டில் இருக்கிற நாட்களில் லாரிக்காரனும் சோபாவில் மல்லாந்து கிடப்பான். கால் விரலைக்கூட ஆட்ட மாட்டான். பூனை குறுக்கே போனால்கூட மாமனார் அதை முறைப்பார். எல்லாம் எதற்கு? உள்ளே ஓவனில் சோறு வேகிறது. அதற்குக் காற்றுப் படக்கூடாதாம். தரை அதிரக்கூடாதாம்.

படலாம். அதிரலாம். பக்கத்தில் மேளம் அடித்தாலும் அந்தச் சோற்றுக்கு ஒன்றும் ஆகாது. இது சின்னவளுக்கு மட்டும் தெரியும்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தபோது, சர்க்கரை ஒரு பக்கம், கொழுப்பு ஒரு பக்கம் என்று டாக்டர் பயமுறுத்தி அனுப்பினார். தீட்டாத அரிசி, முழுத்தானியம், காய்கறி, இதுதான் இனிமேல். எண்ணெயைக் கண்ணில் காட்டாதீர்கள். பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். பெரியவள் பார்லிக் கஞ்சி வைத்தாள். "மாட்டுக்கு வைக்கிறதை எனக்கு வைக்கிறியா?" என்று தட்டை நகர்த்தினார். சின்னவள் தீட்டாத அரிசியில் சோறு வடித்தாள். "இதுக்கு மாத்திரையையே ஒரு கிண்ணம் தின்னுட்டுப் படுத்துக்குவேன்" என்றார்.

சின்னவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தவள். அங்கே கேன்டீனில் ரிசோட்டோ போடுவார்கள். அரிசியில் காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, கிளறிக்கொண்டே இருந்து, குழையக் குழைய எடுக்கிற சாப்பாடு. அதை முழுத்தானியத்தில் செய்து பார்த்தாள். கிளறிக் கிளறித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். தானியம் மசியவே இல்லை. அப்போதுதான் பெரியவன் எந்தக் காலத்திலோ வாங்கி வந்த ஓவன் ஞாபகம் வந்தது. வந்த நாளிலிருந்து அதற்குள் ஓட்டைப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள்.

ராத்திரியே தீட்டாத அரிசி, பார்லி, முழுக் கோதுமை மூன்றையும் ஊறப் போட்டாள். மறுநாள் வெங்காயமும் பூண்டும் வதக்கி, ஊறின தானியத்தை அதில் ஒரு புரட்டுப் புரட்டி, காய்கறித் தோலும் தண்டும் கொதிக்க வைத்து வடித்த சாற்றைச் சூடாக ஊற்றி, பூசணித் துண்டும் பட்டாணியும் போட்டு, கனமான மூடியால் இறுக மூடி ஓவனுக்குள் தள்ளினாள். அவ்வளவுதான் வேலை. கிளற வேண்டாம், எட்டிப் பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் தானாக வெந்து நிற்கும். திறந்து, கொழுப்புக் குறைந்த சீஸ் கொஞ்சமும் மிளகும் தூவி நாலு சுற்றுச் சுற்றினால் குழைவு வந்துவிடும். வெயில் காலத்தில் சுரைக்காயும் குடைமிளகாயும், மழைக்குக் காளானும் கீரையும் என்று காய் மட்டும் மாறும். வித்தை என்று இதில் ஒன்றே ஒன்றுதான்: தக்காளியை முதலிலேயே போட்டுவிடக் கூடாது. புளிப்பு பட்டால் தானியம் வேக மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு நிற்கும். இதை இரண்டே நாளில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த முதல் நாள் நடந்தது வேறு. பாத்திரம் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை, மாமனார் வந்து ஓவன் கதவைத் திறந்து பார்த்தார். "இன்னும் வேகலையா?" பெரியவள் ஏதோ டப்பாவைத் தேடி அலமாரியை உருட்டினாள். லாரிக்காரன் வந்து, "ஒரு டீ கிடைக்குமா?" என்றான். மாமனார் மறுபடியும் வந்தார். மறுபடியும் திறந்தார். காலையில் கண் விழித்ததிலிருந்து "எங்கே அது", "இங்கே வா", "என்ன ஆச்சு" என்று ஆளாளுக்கு அவளைப் பிய்த்து எடுத்த நாள் அது. சின்னவளுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"எல்லாரும் வெளியே போங்க! காத்துப் பட்டா இது வேகாது! தரை அதிர்ந்தாலே அமுங்கிடும்! கதவைச் சாத்தணும், யாரும் அசையக் கூடாது!"

வாயில் வந்ததை உளறினாள், அவ்வளவுதான். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். மாமனார் சிரிக்கவில்லை. முகம் தீவிரமாகிவிட்டது.

"அதானே! பிரஷர் சமாசாரம். இஞ்சின்ல ஒரு இடம் கசிஞ்சா போச்சு, வண்டி நின்னுடும். டேய், விசிறியை நிறுத்துடா!"

அன்றிலிருந்து பொய்க்குக் கை கால் முளைத்துவிட்டது. சின்னவள் சொன்னது என்னவோ ஒரு வரி. மாமனார் அதைச் சட்டப் புத்தகமாக்கினார். ஜன்னல் அவர் சேர்த்தது. காலிங் பெல் அவர் சேர்த்தது. மாடியில் துணி துவைக்கக் கூடாது, வாசலில் யாராவது தட்டினால் தானே போய் உதட்டில் விரல் வைத்து அனுப்பிவிட வேண்டும், எல்லாம் அவர் சேர்த்தது. சோறும் ருசியாக அமைந்துவிட்டதா, கேட்க வேண்டுமா! இரண்டு தட்டு சாப்பிட்டார். அதற்கு 'பெட்டிச் சோறு' என்று பெயரும் வைத்தார்.

சின்னவள் அந்த மூடின கதவுக்குப் பின்னால் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில்தான். கல்யாணமாகி வந்த பிறகு முதல் முறையாக ஒரு மணி நேரம் அவளை யாரும் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் துணிப்பெட்டியின் அடியில் கிடந்த தன் பழைய பாடப் புத்தகத்தை எடுத்துவந்து டிரம்மின் மேல் விரித்தாள். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆனவர்கள் மறுபடி தேர்வு எழுதினால்தான் எக்ஸ்ரே உரிமத்தைப் புதுப்பிக்க முடியும். எழுதிப் பார்ப்போமே என்று ஓர் ஆசை. கணவனிடம் சொன்னபோது, "எழுதேன். வந்தா மலை, போனா மயிரு" என்று சொல்லிவிட்டு லாரிக்கு டயர் மாற்றப் போய்விட்டான்.

நாலைந்து மாதம் கழித்து மாமனாருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அசந்துபோனார். "யாருங்க சமைக்கிறது? அந்த அம்மாவைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றார். பிடித்துக்கொண்டார்கள். அங்கேதான் சின்னவள் மாட்டினாள்.

அத்தனை பத்தியமான, அத்தனை நுணுக்கமான சோற்றை வேறு யாரை நம்பி விடுவது? "அது சின்னவ கைக்குத்தான் வரும்" என்று மாமனார் ஊரெல்லாம் சொன்னார். அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது காலையில் பஸ் ஏறிப் போய், கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே திரும்பி ஓடி வந்தாள். அம்மா போனில், "கட்டைப் பிரிச்சதும் உன் முகத்தைத்தான் பார்க்கணும்னு இருந்தேன், நர்ஸ் முகத்தைப் பார்த்தேன்" என்று சிரித்தாள். சின்னவள் தங்கை வீட்டுக்குப் போனாள் என்றாலும் மூன்று மணி ஆனால் கால் செருப்பைத் தேடும். "கொடுத்து வச்சவடி, நீ இல்லாம அந்த வீடே ஓடாது" என்று தங்கை சொல்வாள். ஓடாது என்பதுதான் விஷயமே. புலி வாலைப் பிடித்தாயிற்று. விட்டால், இத்தனை நாள் ஒரு வீட்டையே மூச்சடக்கி உட்கார வைத்தது வெறும் புளுகு என்று ஆகும். விடாவிட்டால், மாமனார் நூறு வயசு இருந்தாலும் இவள் டிரம் மேலேயேதான் இருக்க வேண்டும். மாமனார் நூறு வயசு இருக்கட்டும், அவருக்கு என்ன. சின்னவளுக்குத்தான் அந்த நினைப்பே மூச்சை முட்டியது.

இந்த நிலையில் தேர்வில் பாஸாகிவிட்டாள், யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலைக்கு மனுவும் போட்டு வைத்தாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், காளானும் கீரையும் உள்ளே வெந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அரைநாள் பஸ் தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே பிரிவின் தலைவியே பேசினார். வேலை இருக்கிறது, தங்க அறை இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போய் வரலாம்.

"நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன். ஏன் இப்படிக் குசுகுசுன்னு பேசறீங்க?"

"ஒண்ணுமில்லை மேடம். சோறு வேகுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, போனை வைத்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னாள். அந்த வாரம் வண்டி இல்லாததால் லாரிக்காரனும் இருந்தான். அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "அந்த வழியாத்தானே நான் வாரா வாரம் போறேன்" என்றான். உடனே அப்பாவைப் பார்த்தான். "ஆனா அப்பாவுக்குச் சாப்பாடு?"

மாமனார் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "போகட்டும்டா. படிச்ச பொண்ணு. நான் எதையாவது தின்னுட்டுக் கிடக்கேன். வலி வந்தா வரட்டும். வயசானவனுக்கு வராம யாருக்கு வரும்?"

இதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

"அக்கா, நான் கத்துக் கொடுத்தா நீங்க..." என்று பெரியவளைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம் சாமி" என்றாள் பெரியவள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "உன் பெட்டிச் சோத்துக்கு ஊழியம் பண்ண எனக்கு வராது."

பெரியவள் எப்போதும் இப்படித்தான். வெடுக்கென்று பேசுவாள், எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சின்னவள் வீட்டுக்கு வந்த புதிதில், பெரியவள் தையல் மெஷினில் இருந்து எழுந்தே பார்த்ததில்லை. இப்போது அந்த மெஷின் உறை போட்டு மூலையில் கிடந்தது. புருஷன் பணம் அனுப்புகிறான், இவளுக்கு உடம்பு வணங்கவில்லை என்று சின்னவள் தன் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒரு தடவை அல்ல, பல தடவை.

மறுநாள் காலையில் பெரியவள் மேஜையில் பூசணியை வைத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தார், மகன் துணைக்குப் போயிருந்தான். இதை விட்டால் நேரம் கிடைக்காது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கிற மாதிரி விஷயத்தைத்தான் இப்படி ஆரம்பிப்பாங்க. சொல்லு."

சின்னவள் சொன்னாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. முதல் நாள் கோபத்தில் உளறியது, மாமா அதைப் பிடித்துக்கொண்டது, அந்த ஒரு மணி நேரம் தனக்குப் பிடித்துப்போனது, டிரம், புத்தகம், எல்லாவற்றையும் கொட்டினாள். அதைச் செய்வது சோறு வடிப்பதைவிடச் சுலபம், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாள். பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"காத்துப் பட்டா?"

"ஒண்ணும் ஆகாதுக்கா."

"தரை அதிர்ந்தா?"

"ஆகாதுக்கா."

"தையல் மெஷின் ஓடினா?"

சின்னவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அடிப்பாவி, இதுநாள் வரை இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

"எனக்கு எத்தனை பேர் துணி கொடுத்தாங்கன்னு தெரியுமா உனக்கு?" பெரியவள் குரலை உயர்த்தவில்லை. "வேலை விட்டு வர்ற பொம்பளைங்க வழியில அந்த நேரத்துக்குத்தான் வருவாங்க. அளவு கொடுக்க, தைச்சதை வாங்க. பெல் அடிச்சா கேக்காது. கதவைத் தட்டினா மாமா போய் உஸ்ஸுனு விரலைக் காட்டுவார். எத்தனை நாள்டி வருவாங்க? பக்கத்துத் தெருவுல புதுசா ஒருத்தி கடை போட்டா. எல்லாரும் அங்கே போயிட்டாங்க. எனக்குக் கோபம் வந்தது. ஆனா யாரு மேல கோபப்படறது? மாமா உயிர்ல விளையாட முடியுமா? சரி, அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்னு உறையைப் போட்டு மூடினேன்."

பெரியவள் எழுந்தாள்.

"மீதியை நீயே நறுக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அன்று பகல் எப்படிப் போனது என்று சின்னவளுக்குத் தெரியாது. பெரியவள் போய் மாமாவிடம் சொல்லிவிடுவாளோ என்று ஒரு பயம். சொல்லாமலே இருந்துவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்து, வரவில்லை என்று சொல்லித் தொலைத்துவிடலாமா என்று பார்த்தாள். அப்படிச் சொல்லிவிட்டால் இன்று சாயங்காலமும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். நாளைக்கும் உட்காரலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் பெரியவளுக்குத் தெரியுமே! கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் டிரம்மில் உட்காரத் தன்னால் இனி முடியாது என்று சின்னவளுக்குத் தோன்றியது.

சாயங்காலம் வழக்கம்போல எல்லாம் நடந்தது. பாத்திரம் உள்ளே போயிற்று. மாமனார் பெல் வயரைக் கழற்றினார், விசிறியை நிறுத்தினார், நாற்காலியில் அமர்ந்தார். சின்னவள் பழக்க தோஷத்தில் கதவைச் சாத்தினாள். புத்தகம் இனித் தேவையில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்படியே எழுந்து போய் மாமாவிடம் சொல்லிவிட வேண்டும். இதோ, இப்போது. இன்னும் ஒரு நிமிஷம் கழித்து. இப்படியே பாதி நேரம் போய்விட்டது.

திடீரென்று தடதடதடவென்று சத்தம். தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்தன.

"பெரியவளே!" மாமனாரின் அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும். "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? நிறுத்து! உள்ளே சோறு இருக்கு!"

மெஷின் நிற்கவில்லை. சின்னவள் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். மாமனார் பெரியவளின் அறை வாசலில், அதிரக் கூடாது என்று கால் விரல் நுனியில் நின்றபடி, கத்திக்கொண்டிருந்தார். சின்னவளைக் கண்டதும் அவர் முகம் இன்னும் வெளிறியது.

"கதவை ஏம்மா திறந்த? போச்சு! எல்லாம் போச்சு!"

"ஒண்ணும் போகலை மாமா" என்றாள் சின்னவள். "அதுக்கு எதுவும் ஆகாது. என்னைக்குமே ஆகாது. நான் சொன்னது பொய்."

லாரிக்காரன் சோபாவிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். மெஷின் அப்போதுதான் நின்றது. மாமனார் குதிகாலை மெதுவாகத் தரையில் இறக்கினார்.

"எது பொய்?"

"காத்துப் படக்கூடாதுன்னது. அசையக் கூடாதுன்னது. எல்லாம்."

"விசிறி?"

"போடலாம் மாமா."

"பெல்லு?"

"அடிக்கலாம்."

"நான் எழுந்து நடந்தா?"

"நடக்கலாம் மாமா. ஓடினாலும் ஒண்ணும் இல்லை."

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வியர்வை கழுத்தில் இறங்கியது. "சாயங்காலமானா பார்க்குல சீட்டு ஆடுவோம், நாலு பேரு" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "நான் போனா வீட்டுல எவனாவது எதையாவது தட்டிடுவான்னு போறதை விட்டேன். அவனுங்க வேற ஆளைச் சேர்த்துக்கிட்டானுங்க. என் வீட்டுலயே என்னைச் சிலை மாதிரி உட்கார வச்சுட்டியேம்மா."

"நான் ஒரு வரிதான் சொன்னேன் மாமா" என்று சொல்ல வந்தாள். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும் நேரமா இது? எக்ஸ்ரே அறையில் 'மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க' என்று சொன்னால், அடுத்த நொடியே 'விடுங்க' என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாமலே இருந்துவிட்டாள். ஒரு நாளா, இரண்டு நாளா.

லாரிக்காரன் எழுந்து போய் விசிறி ஸ்விட்சைப் போட்டான். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்துக்கு அது சுற்றுவது முதல் தடவை. மூன்று பேரும் அண்ணாந்து அதைப் பார்த்தார்கள்.

ஓவன் மணி அடித்தது. சமையலறைக் கதவு அகலத் திறந்து கிடக்க, அடிக்கிற காற்றிலேயே சின்னவள் பாத்திரத்தை வெளியே எடுத்தாள். தக்காளியும் சீஸும் மிளகும் சேர்த்துக் கிளறி, ஒரு தட்டில் போட்டு மாமனார் முன்னால் வைத்தாள். அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். கோபம் அப்போதுதான் அவருக்கு நிஜமாக வந்தது.

"அதே ருசி" என்றார். "கொஞ்சமாவது கெட்டுப் போயிருக்கக் கூடாதா?"

யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ இதை யார் வேணும்னாலும் செய்யலாம்" என்றான் லாரிக்காரன் மெல்ல. சொல்லிவிட்டுப் பெரியவளின் அறைப் பக்கம் திரும்பினான். மாமனாரும் திரும்பினார். சின்னவளும் தன்னை அறியாமல் திரும்பினாள். மூன்று பேர் கண்ணும் அந்த வாசலில்தான் போய் நின்றது.

"என்னைப் பார்க்காதீங்க" என்றாள் பெரியவள், ஊசியில் நூல் கோத்தபடியே. "எனக்கு வேலை இருக்கு. கிளற வேண்டாம், காவல் காக்க வேண்டாம்னா, சாப்பிடறவங்களே வச்சுக்கட்டும்."

"யாரு, நானா?" மாமனார் திடுக்கிட்டார்.

"ஏம்ப்பா, பஸ்ஸையே பிரிச்சு மாட்டின ஆளு நீங்க" என்றான் மகன்.

"பஸ்ஸுக்கு எவன்டா பூண்டு உரிச்சான்?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் தட்டைக் கீழே வைக்கவில்லை. கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டார். பிறகு சின்னவளைப் பார்க்காமல், "போம்மா. போய் அந்த அம்மாகிட்டச் சொல்லு. ஊற வைக்கிறதிலிருந்து எல்லாத்தையும் நாளைக்கு எனக்குக் காட்டிட்டுப் போ. இன்னிக்கு மட்டும் என் முன்னால நிக்காதே" என்றார். எழுந்து போய் பெல் வயரை மாட்டினார். ஒரு தரம் அடித்தும் பார்த்தார்.

கூண்டு திறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் சின்னவளுக்கு ஓடத் தோன்றவில்லை. போனை எடுத்துக்கொண்டு நேராகப் பெரியவளின் அறை வாசலுக்குத்தான் போனாள். பெரியவள் ஒரு கிழிந்த தலையணை உறையை வைத்து மெஷினை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். தையல் கோணலாகப் போனது.

"அக்கா."

"ம்."

"என்னை மன்னிச்சுடுங்கக்கா. வேணும்னு செய்யலை."

"வேணும்னுதான் செஞ்ச." பெரியவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒரு மணி நேரம் உனக்கே உனக்குன்னு வேணும்னு செஞ்ச. அதுல எனக்கு ஒரு கோபமும் இல்லை. இந்த வீட்டுல எனக்கு மட்டும் அது வேண்டாமா என்ன? முதல் நாளே என்கிட்ட வந்து, 'அக்கா, எனக்கு மூச்சு முட்டுது, ஒரு மணி நேரம் யாரும் வராமப் பார்த்துக்கோங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வாசல்ல நானே காவல் நின்னிருப்பேன்டி. நீ என்னையும் அவங்களோட சேர்த்து வெளியே நிறுத்திட்டே."

சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் தனக்கென்று ஓர் ஆள் கிடையாது என்றுதான் அவள் அந்தக் கதவைச் சாத்தினாள். ஆள் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறாள்.

"மணி என்ன ஆகுது பார்" என்றாள் பெரியவள். "போன் பண்ணு. ஹால்ல மாமா பெல்லை அடிச்சு அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கார், அங்கே ஒண்ணும் கேக்காது. இங்கேயே நின்னு பேசு."

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். பெரியவள் உறையைத் திருப்பிப் போட்டு மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் போனை எடுத்த எக்ஸ்ரே பிரிவுத் தலைவிக்கு முதலில் எதுவுமே புரியவில்லை.

"யாரும்மா பேசறது? சத்தமாப் பேசுங்க. என்ன அங்கே அப்படிச் சத்தம்?"

"எங்க அக்கா துணி தைக்கிறாங்க மேடம்" என்றாள் சின்னவள், உரக்க. "நான் வர்றேன்னு சொல்றதுக்குத்தான் பண்ணினேன்."

பெரியவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெஷினை நிறுத்தவும் இல்லை.